தொடுதிரை டோக்கன்: கண் தெரியாதவர் எதைத் தொடுவது?

வெண்கோல்:
போன வாரம் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். முன்பு வாசலை ஒட்டி ஒரு கவுண்டர் இருக்கும், குரல் வரும் திசையை வைத்துப் போய் நின்றுவிடுவேன். இப்போது அந்த இடத்தில் ஆளுயரத் தொடுதிரை. பிரிவைத் தொட்டு, மொபைல் எண்ணைத் தட்டினால் டோக்கன் வருமாம். எனக்குப் பார்வை முழுவதுமாக இல்லை. கையை வைத்தால் வழவழவென்று ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். தேடித் தடவியதில் எதுவோ அழுந்திவிட்டது. “சார், இந்திக்கு மாறிடுச்சு” என்றார் பின்னால் நின்றவர்.

கடைசியில் செக்யூரிட்டி அண்ணன் வந்தார். தங்கமான மனிதர், ஆனால் கணீர்க் குரல். “எந்த டிபார்ட்மென்ட் சார்? தோலா? போன் நம்பர் சொல்லுங்க.” என் வியாதியும் என் எண்ணும் அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துபோயின. கேட்கிறேன், இந்த இயந்திரங்களைத் தூக்கிவிட்டுப் பழையபடி கவுண்டர் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பரமு:
எனக்கு நஷ்டம் சார். சின்ன உணவகம் நடத்துகிறேன், இரண்டு இயந்திரம் வைத்திருக்கிறேன். கவுண்டருக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்புவதில்லை. உங்களுக்கு நடந்தது தப்புதான். ஆனால் தீர்வு சுலபம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தலாம். அல்லது ஒரு க்யூஆர் ஒட்டிவிட்டால் உங்கள் போனிலேயே ஆர்டர் செய்யலாம், போன்தான் பேசுகிறதே. மாதத்துக்கு ஒருவரோ இருவரோ வருவதற்காக இயந்திரத்தையே மாற்று என்றால் கட்டுப்படியாகாது.

சக்கரம்:
மாதத்துக்கு ஒருவர்தான் வருகிறார் என்றால், வந்து பார்த்துவிட்டு எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று யார் எண்ணினார்கள்? நான் வீல்சேரில் இருப்பவன். வாசலில் மூன்று படி உள்ள கடைக்கு நான் போவதில்லை. நான் வராததையே காட்டி, சாய்தளம் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்லுவார்.

உயரமும் ஒரு பிரச்சினை. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்ட விதிப்படி, கை எட்ட வேண்டிய எதுவும் தரையிலிருந்து 48 அங்குலத்துக்கு, அதாவது 1220 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் நான் பார்த்த இயந்திரங்களில் ‘திரும்பு’ பொத்தான் திரையின் உச்சியில்தான் இருக்கிறது. தப்பாக எதையாவது தொட்டுவிட்டால் எனக்குத் திரும்ப வழியில்லை, மசால் தோசைதான். இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம், மென்பொருளில் பொத்தான்களைக் கீழ்ப் பாதிக்கு இறக்கினால் போதும்.

மௌனராகம்:
வெண்கோல் அண்ணா கோபிக்க வேண்டாம், நான் இயந்திரத்தின் பக்கம். எனக்குக் காது கேட்காது. கவுண்டர் என்றாலே எனக்கு நடுக்கம். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் குனிந்து எழுதிக்கொண்டே ஏதோ கேட்பார், உதடும் தெரியாது. நான் முழிப்பேன், வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். திரை வந்த பிறகுதான் நான் யார் துணையும் இல்லாமல் காபியும் டிக்கெட்டும் வாங்குகிறேன். திரையைத் தூக்கிவிட்டால் உங்கள் கூடத்து அவமானம் அப்படியே எனக்கு வந்துசேரும்.

வெண்கோல்:
கோபம் இல்லை தங்கையே. இந்தப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. இயந்திரத்தைத் தூக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். திரை இருக்கட்டும், அது பேசவும் வேண்டும்.

பரமு சொன்ன பையனைப் பற்றி ஒரு வார்த்தை. தோசைக்குப் பையன் போதும். தோல் நோய்க்கும் ரகசிய எண்ணுக்கும் போதாது. க்யூஆர் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் வழவழப்பான காகிதம்தானே.

அம்பத்தூர்க்காரன்:
இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போனேன், இன்று எழுதாமல் முடியவில்லை. இந்த இயந்திரங்களைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறை என்னுடையது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வரும் டெண்டர்களில் திரை எத்தனை அங்குலம், பிரின்டர் எந்த வகை, எத்தனை வருட வாரன்டி, எல்லாம் இருக்கும். ஒலி வழிகாட்டல் என்று ஒரு வரி இருந்ததில்லை. கேட்காததை நானாகச் சேர்த்தால் விலை ஏறும், குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போய்விடும். ஹெட்போன் துளைக்குச் சில நூறு ரூபாய்தான். தொட்டு உணரக்கூடிய மேடான விசைகள் கொண்ட பலகையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் கை சுடும். எல்லாவற்றையும் விட மென்பொருள்காரரிடம் ஒவ்வொரு திரையையும் திருத்தி வாங்குவது பெரிய வேலை. முடிந்த இயந்திரத்தில் பிறகு சேர்ப்பது கட்டிய வீட்டில் சுவரை உடைத்து வயர் இழுப்பது மாதிரி. தவிர, சட்டத்தில் இருப்பது வெறும் பரிந்துரை என்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

வெண்கோல்:
பரிந்துரையாக இருந்த கதை 2024 நவம்பர் 8 அன்றோடு முடிந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அணுகலை, அதாவது எங்களாலும் பயன்படுத்த முடிவதை, கட்டாயம் என்கிறது. அதன் கீழ் வந்த 2017 விதிகளில் 15ஆம் விதி, அதையே வழிகாட்டுதல் அளவுக்கு இறக்கி வைத்திருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அடித்துவிட்டு, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. ரதூரியும் பார்வையற்றவர்தான், 2005இல் போட்ட வழக்கு. கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் ஐஎஸ் 17802 என்று இந்தியத் தரமே இருக்கிறது. டெண்டரில் அந்த எண்ணை எழுதச் சொல்லி நீங்களே கேட்கலாம்.

பரமு:
தீர்ப்பு எழுதுவது சுலபம் சார், கல்லாவில் உட்கார்ந்து பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்ததே, அதையும் படித்தேன். அதற்கு முன்பே வைத்துவிட்ட இயந்திரங்களை அவற்றின் ஆயுள் வரை, அதிகபட்சம் 20 வருடம் ஓட்டிக்கொள்ள உறுப்பு நாடுகள் அனுமதிக்கலாம். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் குட்டி சேவை நிறுவனங்களுக்கு விலக்கும் உண்டு. பணக்கார நாடுகளே இப்படி என்றால், போன வருடம் கடன் வாங்கி இயந்திரம் வைத்த நான் மட்டும் ஏன் உடனே மாற்ற வேண்டும்?

சக்கரம்:
பழையதை உடைக்கச் சொல்லி இங்கே யாரும் எழுதவில்லை. அடுத்து வாங்குவது எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. ஏடிஎம்மைப் பாருங்கள். பேசும் ஏடிஎம் 1997இல் கனடாவின் ஒட்டாவாவில் வந்தது. இங்கே ரிசர்வ் வங்கி, 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் ஏடிஎம் எல்லாவற்றிலும் ஒலி வழிகாட்டலும் பிரெய்ல் விசைகளும் வேண்டும் என்றது. அதனால் எந்த வங்கியும் திவாலாகவில்லை.

வெண்கோல்:
திவாலாகவில்லை, ஆனால் பேசும் ஏடிஎம் எல்லாம் பேசுகிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஹெட்போன் துளையில் சூயிங்கம் அடைத்திருந்ததைக் கையால் கண்டவன் நான்.

இன்னொன்று, பிரெய்ல் ஒட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எங்களில் பெரும்பாலானோருக்குப் பிரெய்ல் படிக்கத் தெரியாது, நடுவயதில் பார்வை போனவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். மாறிக்கொண்டே இருக்கும் திரையில் பிரெய்லை எங்கே ஒட்டுவது? வாக்குப்பதிவு இயந்திரத்தில் எண்களைப் பிரெய்லில் ஒட்டியது பயன்படுகிறது என்றால், அங்கே பொத்தான்கள் நகர்வதில்லை.

கண்ணாடி என் எதிரி என்றும் சொல்ல மாட்டேன். 2009இல் ஐபோனில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வந்த பிறகு அதே கண்ணாடியில் வங்கி வேலை பார்க்கும் பார்வையற்றவர்கள் ஏராளம். ஆனால் என் போன் எனக்குப் பழகிய வீடு, உங்கள் இயந்திரம் தெரியாத ஊர். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது விரல் சைகை கற்றுக்கொள்ள முடியாது. மேலே, கீழே, சரி என்று தொட்டு உணர மூன்று நான்கு விசைகள் இருந்தால் போதும். விரல் நடுங்கும் முதியவருக்கும் அதே விசைகள் உதவும். சாதாரண செயற்கைக் கை வைத்தவர் தொட்டால் இந்தத் திரை உணர்வதே இல்லை, அவருக்கும் உதவும்.

பரமு:
சரி, ஒன்று செய்கிறேன். ஒரு கவுண்டரை மூடாமல் வைத்திருக்கிறேன். பொத்தான்களைக் கீழே இறக்கச் சொல்கிறேன். ஆனால் இயந்திரத்தை இப்போது மாற்ற மாட்டேன்.

மௌனராகம்:
அந்தக் கவுண்டரில் இருப்பவரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துவையுங்கள். நிமிர்ந்து பார்க்கவும் சொல்லுங்கள்.

அம்பத்தூர்க்காரன்:
அமெரிக்க விமான நிலையங்களில் ஒவ்வோர் இடத்திலும் நான்கில் ஒரு இயந்திரம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக இருந்தால் போதும் என்ற விதியை இப்போதுதான் பார்த்தேன். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

சக்கரம்:
இருபது இயந்திரம் நிற்கும் இடத்துக்குச் சரி. மருத்துவமனை வாசலில் ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது. ஒன்றில் நான்கில் ஒன்று எவ்வளவு?

அம்பத்தூர்க்காரன்:
மாட்டிக்கொண்டேன். சரி, அடுத்த மாதம் ஒரு மாதிரி இயந்திரம் செய்கிறேன். தமிழ்க் குரலுக்குத் தட்டுப்பாடு இல்லை, ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. வெண்கோல் சார், ஹெட்போன் துளை எந்தப் பக்கம் வேண்டும்? எத்தனை விநாடி சும்மா இருந்தால் திரை முதல் பக்கத்துக்குத் திரும்பலாம்?

வெண்கோல்:
எந்தப் பக்கமும் சரி, ஆனால் நீங்கள் செய்யும் எல்லா இயந்திரத்திலும் ஒரே பக்கம், விசைகளுக்கு ஒட்டினாற்போல். ஹெட்போன் செருகியதுமே பேச்சு தொடங்க வேண்டும், ‘அணுகல் வசதிக்கு இங்கே தொடவும்’ என்று திரையில் எழுதி வைக்காதீர்கள். எண் விசைகள் வைத்தால் ஐந்தின் மேல் ஒரு புள்ளி மேடு. ஒலி ஓடும்போது திரை தானாக முதல் பக்கத்துக்குப் போகவே கூடாது, “இன்னும் நேரம் வேண்டுமா?” என்று கேட்கட்டும். திரையை அணைத்துவைக்க ஒரு வழியும் வேண்டும், பின்னால் நிற்பவர் என் வியாதியைப் படிக்காமல் இருக்க.

பரமு:
எல்லாம் சரி, கடைசியில் பணம் கட்டும் கருவி? இப்போது வருவதில் ரகசிய எண்ணைத் தட்டும் இடமும் கண்ணாடிதான்.

அம்பத்தூர்க்காரன்:
அது வங்கி கொடுப்பது, நான் திருகாணி போட்டுப் பொருத்துவதோடு சரி. விசை உள்ள பழைய மாடல் கிடைக்குமா என்று கேட்டுப்பார்க்கிறேன்.

வெண்கோல்:
கேளுங்கள். கிடைக்கும்வரை நான் ரொக்கம்தான். மாதிரி தயாரானதும் சொல்லுங்கள், பேருந்து நிறுத்தத்துக்கு ஆள் அனுப்பினால் போதும், மற்றபடி நானே வந்துவிடுவேன்.