பொறியில் விழுந்த பழ ஈ: நாம் விட்டதா, காட்டு ஈயா?

கேள்வி: மத்திய தரைக்கடல் பழ ஈ வராமல் தடுக்க, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1996 முதல் கதிர்வீச்சால் மலடாக்கிய அதே இன ஈக்களை, அடையாளத்துக்குச் சாயம் ஏற்றி விடுகிறார்கள்; இவற்றோடு இணையும் காட்டு ஈக்கு (நாம் விடாமல் தானாக வந்த ஈ) வாரிசு இருக்காது. பொறி அட்டையில் ஒட்டிய ஈயின் உடம்பில் சாயம் தெரியாவிட்டால் காட்டு ஈ என்று எழுதிவிடலாமா?

பதில் 1: கூடாது. உடம்புச் சாயம் உதிரும். ஒரு லிட்டர் கூட்டுப்புழுவுக்குச் சுமார் 1.5 கிராம் ஒளிர்பொடி கலப்பார்கள், அதுதான் அந்தச் சாயம். கூட்டை உடைக்க ஈ நெற்றியில் ஒரு பையை ஊதி முட்டும். பை உள்ளே சுருங்கும்போது பொடியும் மடிப்பில் சிக்கிக்கொள்ளும். முதலில் முழு ஈயைப் புற ஊதா விளக்கில் பாருங்கள். ஒளிரவில்லையென்றால் தலையைத் தனியே எடுத்து, வடிதாளில் நசுக்கி, ஒரு சொட்டு அசிட்டோன் விட்டு, காய்ந்ததும் மறுபடி பாருங்கள். தலைக்குத் தலை கருவியைத் துடைக்காவிட்டால் முந்தைய ஈயின் பொடி அடுத்ததில் ஏறிவிடும்.

பதில் 2: எதிர்த்திசையிலும் ஏமாறலாம். ஒரே அட்டையில் மலட்டு ஈக்குப் பக்கத்தில் ஒட்டிய காட்டு ஈ மேலும் பொடி படியும். இறக்கையில் நாலு துகள் மின்னுவதை நம்பவே நம்பாதீர்கள், நெற்றி மடிப்பைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: தலையிலும் இல்லையென்றால்?

பதில் 1: ஆண் ஈயென்றால் விரையைப் பிரித்துப் பாருங்கள். கதிர்வீச்சு பட்டது சுருங்கியிருக்கும். காட்டு ஈயில் பெருத்து, விந்தணுக் கற்றைகளோடு இருக்கும். ஆண்களை மட்டுமே விடும் இடத்தில் சாயமில்லாத பெண் சிக்கினால் உடனே மேலே தெரிவியுங்கள்.