சைக்கிளில் போனபோது குட்டி யானை வண்டி இடித்துவிட்டது, மூன்று நாள் கழித்துப் புகார் கொடுக்கலாமா?

ரெட்டிச்சாவடிக்காரன்:
எனக்குக் கிருமாம்பாக்கத்தில் வேலை, போக வர சைக்கிள்தான். திங்கள்கிழமை சாயங்காலம் திரும்பும்போது கன்னியக்கோயில் கடைத்தெருவில் பின்னால் வந்த குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டது. வலது கையை ஊன்றி விழுந்தேன். டிரைவரே இறங்கி வந்து தூக்கிவிட்டார். கூட்டம் கூடிவிட்டதால் கூச்சப்பட்டு, "ஒண்ணுமில்லண்ணே, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டேன். இன்று வியாழன். மணிக்கட்டு வீங்கிச் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. வண்டி எண்ணில் டி.என். 31 என்பதும் கடைசி இரண்டு இலக்கமும்தான் நினைவிருக்கிறது. இனிமேல் போய்ச் சொன்னால் கேட்பார்களா?

அரியாங்குப்பம் அக்கா:
தம்பி, முதலில் கையைப் பார். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டோரம் ஒரு குழி விழுமே, அதை அழுத்தினால் வலிக்கிறதா? முருங்கப்பாக்கத்தில் கார் இடித்து நானும் இப்படித்தான் கையை ஊன்றி விழுந்தேன். அன்றைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பில் முறிவு தெரிந்தது. இந்த முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டாம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கட்டுப்போடாமல் விட்டால் கூடாமலே போய்விடலாம். எண்ணெய், உருவுதல் எதுவும் வேண்டாம்.

இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. அங்கே வெறுமனே "விழுந்துட்டேன்" என்று சொல்லாதே. எந்த நாள், எந்த இடம், என்ன வண்டி இடித்தது என்று சொல். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் நீ சொல்வதைத்தான் எழுதுவார்கள். நான் பயத்தில் "சைக்கிள் சறுக்கிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வக்கீல் என்னை எத்தனை முறை அலையவிட்டார் தெரியுமா!

தூக்கிவிட்ட மனிதர்மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்று நானும் தயங்கினேன். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்த கம்பெனிதான் பணம் கொடுக்கும். அதனால் தயங்காதே.

மஞ்சக்குப்பம் குமாஸ்தா:
மூன்று நாள் ஆனாலும் புகார் கொடுக்கலாம். ஏன் தாமதம் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். மாநில எல்லையான முள்ளோடைக்கு வடக்கே நடந்ததால் இது புதுச்சேரி போலீஸ் எல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி எந்த ஊர் ஸ்டேஷனிலும் சொல்லலாம், ஆனால் நேராகக் கிருமாம்பாக்கம் போனால் ஒரு நடை மிச்சம்.

அதற்கும் முன்னால் கடைத்தெருவில் யாரிடம் கேமரா இருக்கிறது என்று பாருங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். திங்கட்கிழமைப் பதிவை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சைக்கிளையும் போட்டோ எடுக்காமல் ரிப்பேருக்கு விடாதீர்கள்.

வண்டி கிடைத்தால், நீங்கள் குடியிருப்பது கடலூர் மாவட்டம் என்பதால் இழப்பீட்டு மனுவை இங்கேயே போடலாம். சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். வண்டி எது என்று கடைசிவரை தெரியாமலே போனாலும், பலத்த காயத்துக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய் உண்டு. எலும்பு முறிவும் பலத்த காயத்தில்தான் சேரும்.

ரெட்டிச்சாவடிக்காரன்:
அக்கா, அந்தக் குழியை அழுத்தினேன், உயிரே போய்விட்டது. கடலூர் ஜி.எச்.சுக்குக் கிளம்பிவிட்டேன். கேமரா விசாரிக்கத் தம்பியைக் கன்னியக்கோயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். சைக்கிள் இன்னும் வீட்டு வாசலில்தான் நிற்கிறது அண்ணா, யாரும் தொடவில்லை.