மேடைக்காரருக்கு மனசு சரியில்லை எண்டா சாதகம் (பயிற்சி) காணாது எண்டுதான் அர்த்தமோ?

சலங்கை_கோண்டாவில்:
மருதனார்மடத்தில நடனம் படிச்சு முடிச்சிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறன். பின்னேரத்தில வீட்டில பிள்ளையளுக்குப் பழக்கிறன். திருவிழாக் காலத்தில நிகழ்ச்சியள் வரும். கொஞ்சக் காலமா மேடைக்கு முதல் நாள் நித்திரை இல்லை. ஒப்பனை முடிஞ்சு சலங்கை கட்டக் குனிஞ்சா விரல் நடுங்கும், வாரை இழுத்துப் பூட்டவே ஏலாது. கூட ஆடுற பிள்ளைதான் கட்டிவிடுறவ. ஏறினா ஆடிடுவன். இறங்கின பிறகுதான் வில்லங்கம். நாள்கணக்கா ஆரோடயும் கதைக்கப் பிடிக்காது, சாப்பாடும் இறங்காது. குருவிட்டச் சொன்னன். "சாதகம் காணாது, அதுதான் பயம்" எண்டவ. ஆவணி நிகழ்ச்சியளை விட்டிட்டு ஆஸ்பத்திரியில காட்டுவமோ எண்டு யோசிக்கிறன். வீட்டில விருப்பமில்லை. கலையில இருக்கிற ஆக்கள் என்ன சொல்லுறியள்?

இணுவில்_தவில்:
தங்கச்சி, குரு சொன்னதில பிழையில்லை. ஆடத்தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம் எண்டு உங்களைச் சொல்லேல்லை, நீங்கள் ஆடுவியள் எண்டு விளங்குது. ஆனா கை தானாப் பேசுற அளவுக்குச் சாதகம் ஏறினா பயத்துக்கு இடமிருக்காது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி தமிழ்நாட்டு மேடையளில எங்கட ஊரின்ர பேரை நாட்டினது சாதகத்தாலதான். 95 ஒக்டோபரில போரால வலிகாமம் முழுக்க இடம்பெயரேக்க நாங்கள் தவிலைச் சுமந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தால நடந்தம். தென்மராட்சியில கோயில் கோயிலா வாசிச்சம். உளவளத்துணை எண்டு ஒருத்தரும் போகேல்லை. வாசிச்சுத்தான் தேறினம். கலைதான் மருந்து. அந்த மருந்தை நிப்பாட்டிப்போட்டு வேற மருந்து தேடுறது எனக்கு விளங்கேல்லை.

உளவளத்துணை_வலிகாமம்:
அண்ணை, தேறினவை இண்டைக்கும் வாசிக்கினம். தேறாதவை எங்க? அந்தக் காலத்தில தவிலைத் தூக்கி வைச்சிட்டுப் பிறகு தொடாத ஆக்களை உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவையின்ர கதையை ஒருத்தரும் சாதகத்துக்கு உதாரணமாச் சொல்லுறதில்லை.

தங்கச்சி, நீங்கள் எழுதினதில ரெண்டு விசயம் இருக்கு, ரெண்டையும் ஒண்டாக் குழைக்காதேங்கோ. மேடைக்கு முதல் வாற நடுக்கம் பதகளிப்பு. உடம்பு அதிரினலினைச் சுரந்து இதயத்தை வேகமா அடிக்க வைக்குது, கை குளிருது, வயிறு பிரட்டுது. கனகாலம் மேடையில நிண்ட வித்துவான்மாருக்கும் இது வரும். நல்லாப் பழகின உருப்படி இந்த நடுக்கத்தையும் தாங்கும், அந்தளவில சாதகம் உதவும். ஆனா இறங்கின பிறகு நாள்கணக்கா ஒண்டிலும் பிடிப்பில்லாமல் கிடக்கிறதுக்கும் சாதகத்துக்கும் தொடர்பில்லை. நித்திரையின்மை, சாப்பாடு இறங்காமை, பிடிச்சதிலயும் விருப்பமின்மை ரெண்டு கிழமைக்கு மேல நீடிச்சா அது மனச்சோர்வா இருக்கலாம். கட்டாயம் காட்டுங்கோ.

பக்கவாத்தியம்:
வெளிநாட்டில வயலின் வாசிக்கிற ஆக்கள் மேடைக்கு முதல் புறொப்பிரனலோல் எண்டொரு குளிசை போடுறவை. நடுக்கம் நிக்கும். ஏன் பெரிசா யோசிக்கிறியள்?

உளவளத்துணை_வலிகாமம்:
தம்பி, உதை இப்பிடிப் பொதுவில எழுதாதேங்கோ. அது இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து. ஆஸ்துமா இருக்கிற ஆள் போட்டா மூச்சு அடைச்சு உயிராபத்தாகும். டொக்டர் பாத்துத் தந்தால்தான் போடலாம். கை நடுக்கத்தைத்தான் அது நிப்பாட்டும், சோர்வை மாத்தாது.

மூண்டு_பிள்ளைத்_தாய்:
நான் தாய்மாரின்ர பக்கத்தால கதைக்கிறன். ஒரு அரங்கேற்றம் எண்டா சாறி, நகை, மண்டபம், பக்கவாத்தியம், வீடியோ, சாப்பாடு எண்டு வெளிநாட்டுச் சொந்தங்களிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் செய்யிறம். அவ்வளவும் செய்த பிள்ளை மனநலப் பிரிவு வாசலில நிண்டதை ஆரேன் கண்டா நாளைக்குக் கலியாணப் பேச்சுக்கால் வரேக்க என்ன கதைப்பினம் எண்டு பயம் வராதா? நீங்கள் அறிவுரை சொல்லுவியள், சனத்தின்ர வாய்க்குப் பதில் சொல்லுறது நாங்கள். நடனத்தைப் பொழுதுபோக்கா வைச்சுக்கொண்டு வேற வேலையைப் பாருங்கோ பிள்ளை.

சலங்கை_கோண்டாவில்:
அம்மா, நீங்கள் சொன்ன அந்தச் செலவுதான் என்ர நெஞ்சில கிடக்கிறது. என்ர அரங்கேற்றக் கடன் இன்னும் முழுக்கத் தீரேல்லை. நாலு வருசம் பட்டப்படிப்பு, அதுக்கு முதல் சின்னனில இருந்து வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினையள். இப்ப நியமனம் எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடியவும் "நல்லா ஆடினனோ" எண்ட யோசனை வாறதில்லை, "இனி என்ன" எண்டதுதான் வருது. தாளம் எனக்குப் பிழைக்கேல்லை. பொழுதுபோக்கா வைச்சிருக்க எண்டு நான் இதைப் படிக்கேல்லை.

கூத்தன்:
எங்கட நாடகக்காரர் போரின்ர காயங்களை மேடைக்குக் கொண்டுவந்தவை. பள்ளிக்கூடங்களில பிள்ளையளின்ர மனக்காயம் ஆற அரங்கைப் பயன்படுத்தினவை. ஊருக்கு மருந்து குடுத்த அரங்கில ஆடுறவன்ர மனசை ஒருத்தரும் கேக்கிறதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

காத்தவராயன் கூத்தில கழுமரம் ஏறுற பாத்திரத்தை விடிய விடிய ஆடினவன், வேசத்தைக் கழட்டின கையோட சைக்கிளில தனிய வீட்டுக்குப் போவான். உடம்பு இறங்கி வரப் பல மணித்தியாலம் எடுக்கும், அவனுக்கு நித்திரை எங்க வரும்? நாங்கள் இப்ப ஆட்டம் முடிய எல்லாரும் வட்டமா இருந்து, தேத்தண்ணி குடிச்சு, என்ன நடந்தது எண்டு கதைச்சிட்டுத்தான் கலையிறம். காசு செலவில்லை. நடன வகுப்புகளிலயும் இதைச் செய்யலாம். ஆனா குருமார் அந்த வட்டத்துக்குள்ள வந்து இருக்கோணும். கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தா பிள்ளை வாய் திறக்காது.

இணுவில்_தவில்:
கூத்தன் சொல்லுற இரவுக் கதையை நான் ஒத்துக்கொள்ளுறன். மாவிட்டபுரம், நல்லூர் எண்டு 25 நாள் திருவிழாக்கள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரும். இடையில கலியாண வீடு. தவிலுக்கு விரலில போடுற கூடு காய முதல் அடுத்த கோயில். நித்திரை வரவேணும் எண்டு குடிக்கத் தொடங்கின பொடியங்களை என்ர கண்ணால பாத்திருக்கிறன். அதைப் பாத்துத்தான் சொல்லுறன், அவங்களைக் காப்பாத்தினது ஒழுங்கும் குருவின்ர சொல்லும். ஆஸ்பத்திரி இல்லை.

இன்னொண்டு. ஒரு ஆவணியை விட்டா அடுத்த ஆவணிக்குக் கூப்பிடமாட்டினம். இதைத் தங்கச்சிக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

உளவளத்துணை_வலிகாமம்:
கூப்பிடமாட்டினம் எண்டது உண்மைதான் அண்ணை. அதாலதான் முழுக்க விடச் சொல்லி நானும் சொல்லேல்லை. இரவு நிகழ்ச்சியளைக் குறைச்சு, ரெண்டு நிகழ்ச்சிக்கு நடுவில நித்திரைக்கு இடம் விட்டுக் கொஞ்சத்தை ஒப்புக்கொள்ளலாம். ஆனா தொடர்ந்து நித்திரை கெடுறதைச் சின்ன விசயமா எடுக்காதேங்கோ. இருமுனை மனநோய்க்கான (அளவுக்கு மிஞ்சின எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வாற நோய்) தன்மை உள்ள ஆக்களுக்கு அதுவே நோயைக் கிளப்பிவிடும். அந்த நிலையில குருவின்ர சொல்லும் காணாது, மருந்து வேணும்.

அம்மா, உங்கட பயம் எனக்கு விளங்குது. யாழ் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பளையிலயும் மனநலப் பிரிவு இருக்கு, காசில்லை. ஓபிடியில (வெளிநோயாளர் பிரிவில) டொக்டரிட்டச் சொன்னா அங்க அனுப்புவினம். வாசலில நிக்க விருப்பமில்லை எண்டா சாந்திகம் எண்ட உளவளத்துணை நிலையத்தில உளவளத்துணையாளரோட கதைக்கலாம். இரவில தாங்கேலாமல் வந்தா 1926, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம். பிள்ளை சுகமா இருந்தால்தானே பேச்சுக்காலும்.

மூண்டு_பிள்ளைத்_தாய்:
சாந்திகம் எண்டா நான் கூட்டிக்கொண்டு போவன். மற்றதுக்கு இன்னும் மனசு வரேல்லை.

சலங்கை_கோண்டாவில்:
எல்லாருக்கும் நன்றி. வாற கிழமை தெல்லிப்பளைக்குப் போறன். ஆவணியில பின்னேர நிகழ்ச்சியளை மட்டும் வைச்சிருக்கிறன், இரவு நிகழ்ச்சியளுக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். வீட்டில பழகிற பிள்ளையளோட கூத்தன் சொன்னது போல வட்டமா இருந்து பாத்தன். ஒரு சின்னப்பிள்ளை, போன நிகழ்ச்சிக்கு முதல் சத்தி எடுத்ததை ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு இண்டைக்குத்தான் சொன்னவ.

இணுவில்_தவில்:
போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா குருவிட்ட ஒரு வார்த்தை சொல்லாமல் போறது முறையில்லை. அதில நான் மாறேல்லை.

சலங்கை_கோண்டாவில்:
சொல்லுவன் அண்ணை. போயிட்டு வந்து சொல்லுவன். அனுமதி கேக்கமாட்டன்.