சமூகக் கல்லூரியில் ஆட்டோகேட் படித்துவிட்டு டிகிரிக்குப் போக முடியுமா?

சுங்கை பாக்காப் பையன்:
வணக்கம். எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) ரிசல்ட் சுமார்தான், அதனால் சமூகக் கல்லூரியில் சிஜில் (சான்றிதழ் படிப்பு) படிக்கிறேன். கம்ப்யூட்டரில் வரைகிற ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் நன்றாக வருகின்றன. வகுப்பில் முதலில் வரைந்து முடிப்பது நான்தான். மெக்கானிக்கல் டிகிரி படிக்க ஆசை. பிறையில் பட்டறை வைத்திருக்கும் மாமா, "படித்தது போதும், என்னிடம் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக வந்து சேர்" என்கிறார். நேராக டிகிரிக்குப் போக வழி உண்டா? இங்கே படித்தது அங்கே கணக்கில் வருமா?

ஜிக் அக்கா:
தம்பி, நேர்வழி தேடி அலையாதே. சிஜில் முடித்து பாலிடெக்னிக் டிப்ளோமா, அதற்கப்புறம் டிகிரி. பெர்மாத்தாங் பாவ் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இருக்கிறது, உனக்குப் பக்கம்தான். நானும் அப்படி ஏறி வந்தவள். இப்போது பாயான் லெப்பாசில் டெஸ்ட் ஃபிக்ஸ்சர் (சோதிக்கும்போது பொருளைப் பிடித்துவைக்கும் சாதனம்) டிசைன் செய்கிறேன்.

கணக்கில் வருமா என்றால், கொஞ்சம் வரும். கிரெடிட் மாற்றத்துக்கு எம்கியூஏ (மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பு) விதி உண்டு: அந்தப் பாடத்தில் குறைந்தது சி கிரேடு வேண்டும், இரண்டு பாடத்திட்டமும் 80 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும். ஆனால் ரொம்ப எதிர்பார்க்காதே. டிகிரியில் இஞ்சினியரிங் டிராயிங் என்பது முதல் வருடத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். மீதியெல்லாம் கால்குலஸ், ஸ்டாட்டிக்ஸ், தெர்மோ. நீ வேகமாக வரைவது அங்கே கைகொடுக்காது. கணிதத்தில் தடுமாறினால் இப்போதே பிடித்துக்கொள்.

வேகத்தைப் பற்றி இன்னொன்று. 12 மில்லிமீட்டர் டவல் பின் (இரண்டு பாகங்களைச் சரியாகப் பொருத்தும் உருளைக் கம்பி) உட்கார ஒரு ஓட்டை வேண்டும் என்று வை. வட்டம் போட்டு 12 என்று அடித்தால் திரையில் வேலை முடிந்த மாதிரிதான் தெரியும். பக்கத்தில் ஹெச்7 (ஓட்டையின் அளவு எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறி) என்று போட்டால்தான் மெஷினில் நிற்பவர் விட்டம் 12.000-க்கும் 12.018-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று புரிந்து ரீமரை (ஓட்டையைத் துல்லியமாக்கும் கருவி) எடுப்பார். போடாவிட்டால் டிரில் பிட்டோடு விட்டுவிடுவார், பின் ஆடும். அதற்காகக் கண்ட ஓட்டைக்கெல்லாம் ஹெச்7 போட்டால் உன் மாமாவே விலையை ஏற்றிவிடுவார். சும்மா போல்ட் நுழைகிற ஓட்டைக்கு அது எதற்கு? இதையெல்லாம் சாஃப்ட்வேர் சொல்லித் தராது. மாமாதான் கூப்பிடுகிறாரே, செமஸ்டர் லீவில் போய் நில். சம்பளமும் கேட்டு வாங்கு.

பழைய மெஷினிஸ்ட்:
அக்கா சொன்னது சரி. பட்டறைக்குப் போனால் டைட்டில் பிளாக்கில் (டிராயிங் மூலையில் விவரம் எழுதும் கட்டம்) இருக்கும் கூம்பு அடையாளத்தை முதலில் பார், தம்பி. தோற்றங்களை எந்த முறையில் அடுக்கியிருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். அமெரிக்கக் கம்பெனி டிராயிங் பெரும்பாலும் மூன்றாம் கோணம், மேல்தோற்றம் மேலே இருக்கும். ஐரோப்பியக் கம்பெனி என்றால் முதல் கோணம், மேல்தோற்றம் கீழே. பினாங்கில் இரண்டும் வரும். அடையாளத்தைப் பார்க்காமல் வெட்டிய பீஸ் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கிறது.

தாசெக் குளுகோர்:
டிகிரி பெயரையும் கவனி. 'இஞ்சினியரிங்' வேறு, 'இஞ்சினியரிங் டெக்னாலஜி' வேறு. முதலாவதற்கு இஏசி (பொறியியல் படிப்புகளை அங்கீகரிக்கும் மன்றம்) அங்கீகாரம் இருந்தால் முடித்ததும் பிஇஎம்-இல் (மலேசியப் பொறியாளர் வாரியம்) பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம். இரண்டாவது எம்போட் (மலேசியத் தொழில்நுட்பர் வாரியம்) பக்கம் போகும், அங்கே டெக்னாலஜிஸ்டாகப் பதியலாம். யூனிமேப், யூதெம் ஆகிய அரசாங்க யுனிவர்சிட்டிகள் இரண்டிலும் இரண்டு வகையும் உண்டு. கையால் செய்து பழகியவர்களுக்கு டெக்னாலஜிதான் ஒத்துவரும் என்பேன். இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சுங்கை பாக்காப் பையன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, கணிதம் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். கிரெடிட் மாற்றத்துக்குக் காட்ட வேண்டிய பாடத்திட்டத்தை ஆபீசில் இப்போதே கேட்கலாமா, முடித்த பிறகு கேட்டால் போதுமா?

ஜிக் அக்கா:
ஆபீஸ் எதற்கு? செமஸ்டர் தொடக்கத்தில் லெக்சரர் ஒவ்வொரு பாடத்துக்கும் கோர்ஸ் அவுட்லைன் தருவார் இல்லையா, அதை அன்றைக்கே ஸ்கேன் செய்து வைத்துவிடு. பல வருடம் கழித்துக் கேட்டால் பாடத்திட்டம் மாறியிருக்கும், லெக்சரரும் மாறியிருப்பார். டிப்ளோமா கடைசி வருடத்துக்கு முன்னாலேயே மியூட் (ஆங்கிலத் தேர்வு) எழுதிவிடு. அரசாங்க யுனிவர்சிட்டிக்கு அது இல்லாமல் யூபியூ-வில் (அரசாங்க யுனிவர்சிட்டி சேர்க்கைக்கான பொது விண்ணப்பம்) விண்ணப்பிக்க முடியாது. கணிதத்தில் எந்த இடத்தில் உதறுகிறது, அல்ஜீப்ராவா டிரிகோவா? அதைச் சொல்.