உலக வங்கி மனையும் தண்டல் கடனும்: வடசென்னை அனுபவங்கள்

கொடுங்கையூர்

உலக நாடுகளின் வறுமை ஒழிப்புத் திட்டம் எதுவும் நம்ம பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று வடசென்னைக்காரர்கள் அவரவர் பகுதிப் பெயரில் எழுதும் இந்தப் பக்கத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். நான் வளர்ந்த வீடே அப்படி வந்த மனையில் கட்டியதுதான்.

1977இல் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் ஒப்புதலானது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்று இடங்களில் மனை பிரித்தார்கள். முழு வீடு தரவில்லை. மனை, கக்கூஸ், தண்ணீர், சாக்கடை, தெரு, விளக்கு, அவ்வளவுதான். மேலே கட்டுவது அவரவர் பாடு. மனை விலையை மாதத் தவணையில் கட்ட வேண்டும். பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அதை வைத்துச் சின்ன மனைகளின் விலையைக் குறைத்தார்கள். அதனால் எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவர் வீடும் ஆபீஸ் உத்தியோகக்காரர் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இன்றும் இருக்கின்றன.

சில வருஷம் முன்பு, ஆராய்ச்சிக்காக ஒரு வெளிநாட்டுப் பெண் வந்தார். வீடு எப்படி வளர்ந்தது என்று ஆயாவிடம், அதாவது என் பாட்டியிடம், கேட்கச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். ஆயா அவரைச் சுவர் சுவராக அழைத்துப் போனார். "இது ஓலை இருந்த இடம். இது உன் அத்த கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட ஷீட்டு. நைனாவுக்கு மில்லுல போனஸ் வந்தப்ப இந்த ரூமு. துட்டு இருந்தா கட்டுவோம், இல்லாங்காட்டி நிறுத்திடுவோம். எவனும் வந்து ஏன் நிறுத்தினேன்னு கேக்கல." அந்தக் கடைசி வாக்கியத்தை அந்தப் பெண் இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

இந்த மாதிரித் திட்டம் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டி, 1990களில் உலக வங்கி இதிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டது. பிறகு மும்பையிலும் சென்னையிலும் அதே மனைப் பகுதிகளைத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருக்கின்றன என்று அது சொன்னது. ஏழைக் குடும்பம் ஒரு வீடு கட்டி முடிக்க ஒரு தலைமுறை ஆகும். அதுவரை யாரும் பொறுத்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

காசிமேடு

எங்கள் பக்கம் வீடு இல்லை, கடன்தான் கதை. அம்மா மீன் விற்றவர். விடியற்காலை ஏலத்தில் கூடை எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும். தண்டல்காரரிடம் ஆயிரம் கேட்டால் 850 கைக்கு வரும், தினம் பத்து ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். மழையோ காய்ச்சலோ, பத்து ரூபாய் போயே ஆக வேண்டும்.

1989இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் உதவி செய்து, தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1997இல் அதுவே மகளிர் திட்டமாக விரிந்தது. அந்த வரிசையில்தான் எங்கள் தெருவுக்கும் குழு வந்தது. குழுவில் முதல் கடன் வாங்கிய அன்று அம்மா நேராகப் போய் தண்டலை அடைத்துவிட்டு வந்தார். வறுமை ஒழிந்ததா என்றால், இல்லை. ஆனால் காலையில் வாசலில் வந்து நிற்கிற ஆள் நின்று போனார். அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

புளியந்தோப்பு

கொடுங்கையூர்க்காரர் எழுதியதைப் படித்ததும் என் சித்தி ஞாபகம். கால்வாய் ஓரத்திலிருந்து அவர்களைக் காலி செய்து, ஊருக்குத் தெற்கே தள்ளியிருக்கும் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். கான்கிரீட் கூரை, உள்ளேயே கக்கூஸ், எல்லாம் உண்டு. சித்தி வேலை பார்த்த நாலு வீடும் இங்கே புரசைவாக்கத்தில். பஸ்ஸிலேயே பாதி நாள் போக, இரண்டு வீட்டை விட்டார், பிறகு நாலையும் விட்டார்.

1995இல் கோபன்ஹேகனில் நடந்த சமூக வளர்ச்சிக்கான உலக மாநாட்டில் வறுமை ஒழிப்பு, வேலைவாய்ப்பு, சமூக ஒருங்கிணைப்பு மூன்றையும் சேர்த்தே பேசினார்கள். 2015இல் ஐ.நா.வின் 193 நாடுகளும் ஏற்ற நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளில் முதலாவதே வறுமை ஒழிப்பு. நிலத்தின் மீது ஏழைகளுக்குச் சம உரிமை வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கிறது. சித்திக்கு வீடு வந்தது, வேலை போனது, பழகிய அக்கம்பக்கம் போனது. மூன்றில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டுத் திட்டம் முடிந்தது என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

கொடுங்கையூர்

புளியந்தோப்பு, சித்தி இப்போது என்ன செய்கிறார்? சோழிங்கநல்லூர் பக்கம் வேலை கிடைக்கவில்லையா?

புளியந்தோப்பு

கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை, ஒப்பந்தத்தில். பழைய சம்பளத்துக்கு இன்னும் வரவில்லை. நான் ஒன்று கேட்க வேண்டும்: உங்கள் தெருவில் தவணை முடித்தவர்களுக்குக் கிரயப் பத்திரம் வந்துவிட்டதா? சித்தி கையில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் இருக்கிறது.

கொடுங்கையூர்

எங்களுக்கு வந்துவிட்டது. எதிர் வீட்டில் தாத்தா பெயரில் ஒதுக்கீடு, அவர் இறந்துவிட்டதால் வாரிசுச் சான்றிதழ் கேட்டு இழுக்கிறது. சித்தியிடம் ஆணையையும் கட்டிய ரசீதுகளையும் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒன்றைக்கூடத் தொலைக்கக் கூடாது.