புதுப்பிப்பு: அப்பாவின் நடை

சர்க்கரை உள்ள அப்பாவை எப்படித் தினமும் நடக்க வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். விடியற்காலை நடை அவருக்குச் சரிப்படவில்லை. "சாப்பாட்டோடு சேர்த்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவோடு கிளம்பிவிடுகிறார். சாப்பிட்டபின் நடந்தால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், ஏற்றம் குறையும். வாரம் 150 நிமிடம், தொடர்ந்து 2 நாளுக்கு மேல் விடக்கூடாது என்பது பொதுவான அளவு. (அம்மா ஒரு நாள்கூட விடுவதாக இல்லை!) அப்புறம், அப்பா கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுவதால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அதனால் சட்டைப்பையில் குளுக்கோஸ் கட்டாயம். செருப்பில்லாமல் நடக்கத் தடை. வந்ததும் பாதத்தைப் பார்த்துவிடுகிறோம். தசைப் பயிற்சிதான் பாக்கி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம் என்றிருக்கிறோம்.