அமெரிக்கச் சான்றிதழோடு வேதியியல் பட்டம்: நம்ம கடற்கரைக்காரர்களின் அனுபவம்

கீழக்கரை அக்கா:
அண்ணன் மகள் அமெரிக்காவில் நாலு வருஷ வேதியியல் பட்டம் முடித்தாள். பட்டத்தோடு அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டியின் சான்றிதழும் வந்தது. தனியாகப் பரீட்சை எழுதினாளா என்றுதான் ஊரில் எல்லாரும் கேட்டார்கள். பரீட்சையே கிடையாது. 1876இல் தொடங்கிய அந்தச் சங்கம் அங்கீகாரம் கொடுப்பது கல்லூரியின் வேதியியல் துறைக்கு. அங்கீகாரம் உள்ள துறையில் சொன்ன பாடங்களையும் ஆய்வக நேரத்தையும் முடித்தவர்கள் யார் யார் என்று துறைத்தலைவர் உறுதி செய்வார். சான்றிதழ் அவர்களுக்கு மட்டும். அதே வகுப்பில் இவளுடைய தோழி உயிர்வேதியியலை எடுக்காமல் விட்டுவிட்டாள். பட்டம் வந்தது, சான்றிதழ் இல்லை.

பகுப்பாய்வு, கரிமம், கனிமம், இயற்பியல் வேதியியல், உயிர்வேதியியல் என ஐந்திலும் அடிப்படை வேண்டுமாம். 2015 விதிப்படி, முதலாண்டுப் பொது வேதியியல் போக 400 மணி நேரம் ஆய்வகத்தில் நிற்க வேண்டியிருந்தது. 2023இல் விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். அதனால் பிள்ளைகளைச் சேர்க்கிறவர்கள் இப்போதைய கணக்கைத் துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபம் தம்பி:
அக்கா சொன்ன அந்த 400 மணி நேரம்தான் விஷயமே. நான் இங்கே பி.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே எம்.எஸ். போனவன். எங்கள் கல்லூரியில் (பேர் வேண்டாம்) ஒரு பியூரெட்டுக்கு (சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) நாலு பேர். சில்வர் நைட்ரேட் விலை கூடுதல் என்று அளந்துதான் ஊற்றுவார்கள். வெளியிலிருந்து தேர்வாளர் வருகிற அன்று மட்டும் பாட்டில் நிறைய இருக்கும்!

அங்கே சேர்ந்ததும் அந்தச் சங்கத்தின் கேள்வித்தாளை வைத்தே பிளேஸ்மென்ட் தேர்வு (எந்தப் பாடத்தில் எந்த நிலையில் இருக்கிறோம் என்று பார்ப்பது) நடந்தது. தியரியில் சமாளித்துவிட்டேன். ஆய்வகத்தில்தான் திணறல். ஒரு குப்பித் தண்ணீரைக் கையில் கொடுத்து, "இதில் குளோரைடு எவ்வளவு? முறையை நீயே முடிவு பண்ணு" என்றார்கள். இங்கே எல்லாம் ரெக்கார்டு நோட்டில் உள்ளபடிதானே. நல்லவேளை, அது கடல் தண்ணீர். நம்ம தண்ணீரை அப்படியே 10 மில்லி எடுத்தால் குளோரைடுக்கு 0.1 மோலார் செறிவுள்ள சில்வர் நைட்ரேட் சுமார் 55 மில்லி வேண்டும். 50 மில்லி பியூரெட் தாங்காது. அதனால் முதலில் பத்து மடங்கு நீர்த்தேன். குரோமேட் போட்ட மஞ்சள் கரைசலில், குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் வந்து கலங்கி, மறையாமல் நின்றது. பக்கத்து மேசைக்காரன் இரண்டாவது தடவை பியூரெட்டை நிரப்பிக்கொண்டிருந்தான். உள்ளூரச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

தொண்டி நானா:
நம்ம ஆட்கள் அமெரிக்காவைவிட மலேசியாவுக்குத்தான் அதிகம் போகிறார்கள், அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 1975இல் வந்த வேதியியலாளர் சட்டம் இருக்கிறது. இன்ஸ்டிட்யூட் கிமியா மலேசியாவில் பதியாமல் வேதியியலாளராகத் தொழில் செய்ய முடியாது. என் மச்சான் பையனுக்குப் பட்டம் கையில் இருந்தும், ஆய்வகச் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடும் வேலை கிடைக்கப் பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கச் சான்றிதழ் கௌரவம் மாதிரி, இது லைசென்ஸ். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாலிநோக்கம் உப்பளத்தான்:
நான் எங்கேயும் போகவில்லை. கடற்பாசியிலிருந்து அகர் (ஜெல்லியாக இறுகும் பொருள்) எடுக்கிற ஒரு கம்பெனியில் லேபில் இருக்கிறேன். சான்றிதழ் பற்றி யாரும் கேட்டதில்லை. கஞ்சிப் பாசியை வேகவைக்கும் முன் காரத்தில் பதப்படுத்தினால் ஜெல் ஏன் இறுகுகிறது என்று முதல் வாரத்திலேயே கேட்டார்கள். இறுகவிடாமல் தடுக்கும் சல்பேட்டைக் காரம் கழற்றிவிடுகிறது என்பதை அங்கே போய்த்தான் கற்றேன். வாப்பா உப்புப் பாத்தியில் அடர்த்தி காட்டும் மானியை மிதக்கவிட்டு, 25 டிகிரி போமே (வெப்பநிலை இல்லை, அடர்த்தி அளவு) வந்தால் உப்பு விழும் என்பார். அதையும் பி.எஸ்சி.யில் எவரும் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம் தம்பி: இங்கே பி.எஸ்சி. முடித்தவன் அமெரிக்கா போய் அந்தச் சங்கத்தின் சான்றிதழை மட்டும் வாங்க முடியுமா?

மண்டபம் தம்பி:
முடியாது. அது இளநிலைக்கு மட்டும், அதுவும் அங்கீகாரம் பெற்ற துறையிலேயே படித்திருக்க வேண்டும். எம்.எஸ். போகிறவர்கள் அதைத் தேடி அலையாதீர்கள். அந்த நேரத்துக்கு பிசிகல் கெமிஸ்ட்ரியைத் தூசி தட்டுங்கள், பிளேஸ்மென்டில் நம்ம ஆட்கள் பலர் கவிழ்ந்தது அதில்தான்.